தேத்தண்ணியோடு வந்த குளிசைகள்

மகனும் மருமகளும் மெல்பனுக்குக் குடிபெயர்ந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர்கள் வாங்கியிருந்த தொடர்மாடி வீடு வெறுமனே பூட்டிக் கிடக்கப் போகிறதே என்ற கவலை வந்தது. நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். கணவர் இறந்து பல வருடங்கள். மருமகளின் தாயாரும் அதற்குச் சற்று முன்தான் கணவரை இழந்து யாழ்ப்பாணத்தில் தனித்துப் போயிருந்தார்.

“ரெண்டு பேரும் அங்க சேர்ந்து இருங்களேன் மம்மி. எங்களுக்கும் நிம்மதி” என்றான் மகன்.

சம்பந்திகள் என்றால் நல்லது கெட்டதில் சந்தித்து, நலம் விசாரித்து, பலகாரத் தட்டு மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போகிறவர்கள். ஒரே குசினியில் நின்று சமைக்க நேர்ந்த சம்பந்திகளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் சைவம், பிறந்ததிலிருந்து மரக்கறி. நான் கத்தோலிக்கக்காரி, துறைமுகத்துக் காற்றில் வளர்ந்தவள், மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று நானாகவே முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பக்கத்துக் கடையில் மீன்குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டு வருவேன். அவரும் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. “மச்சாள், இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டியளே?” என்று மட்டும் கேட்டுச் சிரிப்பார். அவர் என்னை மச்சாள் என்பார். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன்.

எனக்கு ஐம்பது வயது தாண்டியதிலிருந்து தைரொயிட் குறைபாடு. காலையில் எழுந்ததும் கட்டிலருகே வைத்திருக்கும் தண்ணீரோடு ஒரு சின்னக் குளிசையை விழுங்கிவிட்டு, முகம் கழுவி, செபம் சொல்லி, சாவகாசமாகத்தான் தேநீர் குடிப்பேன். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அந்த ஒழுங்கு எதற்காக என்று முதலில் மருந்து எழுதித் தந்த டொக்டர் சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவில்லை. பழக்கம் இருந்தது, காரணம் மறந்துபோயிற்று.

சம்பந்தி வந்து சேர்ந்த சில நாட்களில் அதைக் கவனித்துவிட்டார்.

“வெறும் வயித்தில குளிசை போடுறியளே மச்சாள்? குடல் புண்ணாகிப் போகும். இஞ்சால குசினிக்குக் கொண்டு வாங்கோ. நான் தேத்தண்ணியோட தாறன்.”

அந்த நேரத்தில்தான் மெல்பனிலிருந்து வந்த ஒருவரிடம் மருமகள் எங்கள் இருவருக்கும் போத்தல்கள் கொடுத்தனுப்பியிருந்தாள். வயதானவர்களுக்கான மல்டிவிற்றமின், எலும்புக்குக் கல்சியம். சம்பந்தி அவற்றை மகள் அனுப்பிய பொருள் என்ற மரியாதையோடு குசினி அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கினார். மறுநாள் காலை முதல் எனக்கு ஒரு சின்ன எவர்சில்வர் தட்டம் வரத் தொடங்கியது. அதில் என் தைரொயிட் குளிசை, பெரிய மண்ணிற விற்றமின் குளிசை, சுண்ணாம்புத் துண்டு போன்ற கல்சியம். பக்கத்தில் ஆவி பறக்கும் பால் தேத்தண்ணி. எல்லாவற்றையும் நான் விழுங்கி முடிக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லவேண்டும். கணவர் போன பிறகு, காலையில் எனக்கென்று ஒருவர் எழுந்து எதையாவது கையில் தந்ததே இல்லை. அந்தத் தட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன்.

சில மாதங்கள் போயின. எனக்குக் குளிரத் தொடங்கியது. வெள்ளவத்தையில், வியர்த்து ஊற்றும் பங்குனி மாதத்தில், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் படுத்தால் மாலைவரை தூக்கம். முகம் ஊதிப்போயிருந்தது. எல்லாவற்றையும் வயது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் குரலை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. இளம் வயதிலிருந்து நான் எங்கள் கோயிலின் பாடகர் குழாமில் பாடுகிறவள். அந்தக் குரல் தடித்து, கரகரத்து, ஆண்பிள்ளைக் குரல் போலாகிவிட்டது. குழாமை நடத்துகிற ஆசிரியை ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, “அன்டி, கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்களேன். குரல் களைச்சிருக்கு” என்றார். அவர் மென்மையாகத்தான் சொன்னார். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளவத்தை வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஒழுங்கைக்கு அருகில் மாலை நேரங்களில் நோயாளர்களைப் பார்க்கிற ஒரு முஸ்லிம் பெண் டொக்டர் இருக்கிறார். என் மகனின் வயதுதான். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, தைரொயிட் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினார்.

“குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்கதானே அன்டி? இடையில விடுறல்லையே?”

“ஒரு நாளும் விட்டதில்ல டொக்டர். சம்மந்தி விடமாட்டா.”

“வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?”

“இல்ல.”

பொய் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விற்றமினும் கல்சியமும் மருந்து என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவை சத்து. ஹோர்லிக்ஸ் குடிக்கிறீர்களா என்று கேட்டால் ஓம் என்றிருப்பேன். மருந்து என்று கேட்டால் இல்லைதானே.

அடுத்த முறை பரிசோதித்தபோதும் போதவில்லை. மறுபடியும் கூட்டினார். சற்றுத் தேறியதுபோல இருந்தது, ஆனால் பழைய நான் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த பரிசோதனையிலும் இன்னும் குறைவுதான்; டொக்டர் அளவை மாற்றாமல் அறிக்கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “இவ்வளவு டோஸுக்கு நீங்க ஓடித் திரியணுமே அன்டி” என்றார்.

அந்த வருட ஆடியில், கோயில் திருவிழாவும் அதைத் தொடர்ந்து ஆவணியில் உறவில் ஒரு கல்யாணமும் வர, சம்பந்தி யாழ்ப்பாணம் போனார். ஒன்றரை மாதமாவது ஆகும் என்றார். போகும்போது குசினியில் நின்று, “இது காலமை, இது காலமை, இதுவும் காலமை. மறந்திடாதேங்கோ” என்று போத்தல்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

நான் மறந்துதான் போனேன். தனி ஆளுக்கு என்ன தட்டம், என்ன சடங்கு? தைரொயிட் குளிசையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பழையபடி கட்டிலருகே வைத்தேன். எழுந்ததும் தண்ணீரோடு அது. பிறகு செபம். பசித்தபோது பாணும் தேநீரும். போத்தல்கள் அலுமாரியில் அப்படியே இருந்தன.

முதலில் எனக்குச் சொர்க்கம்தான். ஸ்வெற்றர் மடித்து உள்ளே போயிற்று. மத்தியானத் தூக்கம் போயிற்று. அலுமாரிகளைத் துப்புரவாக்கினேன், திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன். குரல்கூடத் தெளிந்தது, குழாமுக்குத் திரும்பினேன். மெல்பனுக்கு அழைத்து, “டொக்டர் கூட்டித் தந்த மருந்து இப்பதான் வேலை செய்யுது” என்று பெருமையடித்தேன்.

பிறகு அது நிற்காமல் ஓடத் தொடங்கியது. படியேறினால் இதயம் தொண்டைக்குள் வந்து அடித்தது. இரவில் கண் மூடவில்லை. சட்டைகள் தொளதொளத்தன. தேநீர்க் கோப்பை தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாடலுக்கு எழுந்து நின்றபோது பாட்டுப் புத்தகம் கையில் அப்படி நடுங்கியது, எழுத்துகளைப் பிடிக்க முடியவில்லை. நெஞ்சு கூட்டுக்குள் அகப்பட்ட புறாவைப்போல் படபடத்தது. ஆசிரியை பாடிக்கொண்டே வந்து என்னை வாங்கில் உட்காரவைத்தார். பூசை முடிந்ததும் அவரே ஒரு த்ரீவீலில் ஏற்றி, என்னோடு வெள்ளவத்தைவரை வந்து விட்டுவிட்டுப் போனார். நான் வாய் ஓயாமல் நன்றி சொன்னேன். “கதைக்காதீங்க அன்டி, மூச்சை எடுங்க” என்றார்.

அடுத்த நாளே டொக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, பயப்படும்படியாக எதுவும் இல்லை என்றார். இரத்தப் பரிசோதனையின் முடிவோ முற்றிலும் தலைகீழாக இருந்தது. உடம்பில் தைரொயிட் மருந்து தேவைக்கு மிக அதிகம்.

“போன முறை காணாது. இந்த முறை கூடிப்போச்சு. டோஸ் ஒண்டுதான். வீட்டில ஏதோ மாறி இரிக்கி அன்டி. என்ன மாறினது?”

“ஒண்டும் மாறல்ல டொக்டர். சம்மந்தி ஊருக்குப் போயிட்டா, அவ்வளவுதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அவங்க இரிக்கிறப்போ காலையில என்ன செய்வீங்க? எழும்பினதில இருந்து ஒவ்வொண்டா செல்லுங்க.”

சொன்னேன். தட்டம் வந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தினார். “தட்டத்தில என்னென்ன?” சொல்லி முடித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். சிரித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

“அன்டி, கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொயிட் மருந்தைக் குடலுக்குள்ளயே பிடிச்சு வச்சிக்கும். இரத்தத்துக்குப் போக விடாது. பால் தேத்தண்ணியும் அதுக்குத் துணை. நான் கூட்டிக் கூட்டித் தந்ததெல்லாம் உங்களுக்குப் போகல்ல. இப்ப சத்துக் குளிசையை விட்டீங்க, கூட்டின டோஸ் முழுசா உள்ள இறங்கிட்டுது. பிழை எங்கிட்டயும் இரிக்கி. மருந்து எடுக்கிறீங்களாண்டு கேட்டேன். விற்றமின் எடுக்கிறீங்களாண்டு கேட்டிரிக்கணும்.”

தன் பிழை என்று ஒரு டொக்டர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளைமேல் எனக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது. அளவைப் பழையபடி குறைத்துத் தந்தார். குளிசை விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். தேநீருக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்கவேண்டும். கல்சியமும் விற்றமினும் பகல் சாப்பாட்டோடு, அதாவது நாலு மணித்தியாலமாவது தள்ளி. “சம்மந்தி வந்ததும் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வீட்டில இரிக்கிற எல்லாப் போத்தலும் வேணும்.”

நெஞ்சின் படபடப்பு மெல்ல அடங்கியது. ஆனால் வேறொரு படபடப்புத் தொடங்கியது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தத் தட்டத்தை எனக்கு எவ்வளவு ஆசையோடு நீட்டியவர். நீங்கள் தந்த முறையால்தான் நான் நோயாளியானேன் என்று எந்த வாயால் சொல்வது? வேறு எதையாவது சொல்லி மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் பனங்கட்டியும் முருங்கைக்காயும் நிறைந்த பைகளோடு வந்திறங்கினார். குளித்துவிட்டுக் குசினிக்குள் போனவர் உடனே வெளியே வந்தார்.

“ஏன் மச்சாள், போத்தல் எல்லாம் விட்டது விட்டபடி கிடக்கு?”

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“அப்ப நான் உங்களுக்கு நஞ்சே தந்தனான்?”

“ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லாதீங்க. நீங்க தந்ததில ஒண்டும் கூடாத சாமான் இல்ல. எல்லாம் நல்லதுதான். ஒண்டா வயித்துக்குள்ள போகக்கூடாது, அவ்வளவுதான்.”

“நான் பக்கத்தில நிண்டு முழுங்கப் பண்ணினனான்.”

“நிண்டீங்க. எனக்கு அப்பிடி யாரும் நிண்டதில்ல அக்கா.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவரே எழுந்து போய்ப் பனங்கட்டியை உடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பல வருடமாகத் தனக்கிருக்கும் சீனி வருத்தத்தை, அதுதான் நீரிழிவை, நினைத்துத் தனக்கு ஒரு நகக்கண் அளவும் எனக்குப் பெரிய துண்டும் வைத்தார்.

அப்போதுதான் அவர் காலைத் தரையில் சற்றுச் சரித்து ஊன்றி நடப்பதைக் கண்டேன். என்ன என்று கேட்டேன். பாதத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்காலில் பெரிய கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

“கோயில் வீதியில உச்சி வெயிலுக்க சுத்தினனாங்கள். எல்லாரும் மணல் சுடுது சுடுது எண்டு துள்ளினவை. எனக்கு ஒண்டும் தெரியேல்ல. முருகன் காத்தவன் எண்டு நினைச்சன். வீட்டை வந்து பாத்தால் இப்பிடி.”

அன்று மாலையே போத்தல்களையெல்லாம் ஒரு கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். சம்பந்தியின் பக்கத்தில் இரண்டு மல்டிவிற்றமின் போத்தல்கள் இருந்தன. ஒன்று மெல்பனில் இருந்து, மற்றது அவருடைய இளைய மகள் ரொறன்ரோவில் இருந்து அனுப்பியது.

“அன்டி, இதில எது எடுக்கிறீங்க?”

“ரெண்டும்தான் டொக்டர்.”

“ரெண்டுமா? ஏன்?”

சம்பந்தி சற்று வெட்கப்பட்டார். “ஒருத்தியின்ரயக் குடிச்சு மற்றவளின்ரய விட்டால் அவளுக்கு மனம் நோகாதே? போன் எடுக்கிற நேரம் ரெண்டு பேரும் கேப்பினம், போட்டனீங்களே அம்மா எண்டு. பொய் சொல்லேலாதுதானே.”

டொக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. இரண்டு போத்தல்களின் பின்பக்கத்தையும் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். “ரெண்டிலயும் ஒரே சாமான்தான். சில விற்றமின் கூடினா சிறுநீரோட போயிடும். ஏயும் டியும் அப்பிடிப் போகாது, உடம்பில தங்கிடும். நாள்பட ஈரலுக்கும் எலும்புக்கும் கூடாது. மகள்மார்ட்ட நான் செல்லுறேன், பொல்லாப்பு எனக்கு வரட்டும்.”

பிறகு காலைப் பார்த்தார். பஞ்சால் தொட்டார், ஊசியின் நுனியால் தொட்டார். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு, பல இடங்களில் “தொட்டிட்டீங்களே?” என்று கேட்டார். சீனி வருத்தம் நரம்பைப் பாதித்திருக்கலாம், அதோடு வேறொன்றும் இருக்கும் என்று டொக்டர் சந்தேகப்பட்டார். பல வருடமாகச் சீனிக்கு எடுக்கிற குளிசை, ஆயுள் முழுதும் மரக்கறிச் சாப்பாடு, அதற்குமேல் வயது. இந்த மூன்றும் சேர்ந்தால் பி பன்னிரண்டு என்ற விற்றமின் உடம்பில் குறைந்துவிடுமாம். போத்தலில் இருக்கிற கொஞ்சம் அவருக்குக் காணாது. பரிசோதனையில் அது உண்மையானது. ஏயையும் டியையும் இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்தவருக்குத் தேவையான ஒன்று தேவையான அளவில் கிடைக்கவேயில்லை.

ஊசி மருந்து தொடங்கினார்கள். வெறுங்காலோடு எங்கும் நடக்கக்கூடாது என்ற கட்டளையும் வந்தது. நிறுத்தச் சொன்னது ரொறன்ரோப் போத்தலை என்பதால், அந்த மகளுக்கு டொக்டரே எங்கள் போனில் குரல் பதிந்து அனுப்பினார். எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கே அழைத்து, “அம்மா, இனி உங்களக் கேக்காம ஒண்டும் அனுப்பமாட்டன்” என்றாள். பிறகு வந்த பொதியில் மெத்தென்ற சப்பாத்து ஒரு சோடி இருந்தது. சேலைக்குக் கீழே சப்பாத்தா என்று சம்பந்தி ஒருநாள் முழுக்கக் குறைப்பட்டார். இப்போது அது இல்லாமல் கீழே பால் வாங்கக்கூடப் போவதில்லை.

நான் விடியலில் குளிசையை விழுங்குகிறேன். ஒரு மணித்தியாலம் கழியும்வரை அவர் கேத்திலை அடுப்பில் வைக்கவே மாட்டார், கெஞ்சினாலும் அசையமாட்டார். கல்சியம் பகல் சாப்பாட்டோடு என் கைக்கு வரும். இரும்புச்சத்து என் உடம்பில் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்ததால், அது கலந்த விற்றமினை டொக்டர் நிறுத்திவிட்டார். புதிதாக எதைத் தொடுவதானாலும் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறோம். அது பாமசியில் வாங்கியதானாலும் சரி, பிள்ளைகள் அனுப்பியதானாலும் சரி, யாரோ தந்த கசாயமானாலும் சரி.

ஊசிக்குப் போகிற நாட்களில் நானும் கூடப் போவேன். முடிந்ததும் காலி வீதியில் ஒரு சைவக் கடையில் உட்கார்ந்து உளுந்து வடையும் பிளேன்டீயும் எடுப்போம். போன முறை அவர் வடையைப் பிட்டுக்கொண்டே, “பெருவிரல்ல எறும்பு ஊருறமாதிரிக் கிடக்கு மச்சாள். உணர்ச்சி வருதாம், டொக்டர் சொன்னவ” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வடையின் மற்றப் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“உங்கட நெஞ்சு அண்டைக்கு அப்பிடிப் படபடக்காட்டி, என்ர காலை ஆர் பாத்திருக்கப் போயினம்?”

பில் வந்தது. யார் கொடுப்பது என்று வழக்கம்போல இருவரும் இழுபறிப்பட்டோம். அந்த முறை அவரை வெல்ல விட்டேன்.